ஏழு இலட்சம் ரூபாப் பெட்டியும் ஓர் ஊஞ்சற் பாட்டும்

முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் கிடந்து உழன்றவன் நான். அமைச்சர்களின் வாக்குறுதிகளையும் சோதிடர்களின் ஆண்டுப் பலன்களையும் ஒரே இரவில் அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு விற்பனையாளரின் சொல்லில் மயங்கக் கூடாது. ஆனாலும் மயங்கத்தான் பார்த்தேன். அந்த வெட்கத்தோடுதான் இதனை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் எமது வீட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக உழைத்து வந்த இறுவட்டு இயக்கி சென்ற ஆண்டு கண்ணை மூடிவிட்டது. கடற்காற்று அங்கே எதனைத்தான் விட்டுவைத்தது? அம்பிளிபயரும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும் நல்ல நிலையில் இருக்கின்றன. இலக்கங்களை ஒலியாக மாற்றும் மாற்றியும் அம்பிளிபயருக்கு உள்ளேயே இருக்கிறது. ஆகவே எனக்கு வேண்டியிருந்தவை இரண்டே பொருட்கள். ஒன்று, தட்டைச் சுழற்றி அதிலுள்ள இலக்கங்களை வாசித்து வெளியே அனுப்பும் பெட்டி. இதனை ட்ரான்ஸ்போர்ட் என்கிறார்கள். மற்றது, அதே இலக்கங்களை இணையத்திலிருந்தோ வன்தட்டிலிருந்தோ எடுத்து அனுப்பும் பெட்டி. இது ஸ்ட்ரீமர். இரண்டுமே தாமாகப் பாடுவதில்லை. தபாற்காரர் கடிதத்தைக் கொண்டு வருவது போல இலக்கங்களைக் கொண்டுவந்து மாற்றியின் வாசலில் போடுகின்றன. இந்த ஒரு விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருந்தால் போதும். வியாபாரம் முழுவதும் இதனை மறக்கச் செய்வதிலேதான் தங்கியிருக்கிறது.

கொழும்பிலுள்ள ஒரு காட்சியறைக்குப் போனேன். குளிரூட்டப்பட்ட அறை, தோல் இருக்கை, சீனியில்லாத தேநீர். "சேர், பிட்ஸ் எல்லாம் ஒண்டுதான் எண்டு சொல்லுறது பழைய கதை" என்று தொடங்கினார் அங்கிருந்த இளைஞர். ஏழு இலட்சம் ரூபா விலையுள்ள ஒரு ட்ரான்ஸ்போர்ட்டைக் காட்டினார். அதன் நிறையைச் சொன்னார். அலுமினியத்தின் தடிப்பைச் சொன்னார். இந்தப் பெட்டியில் பாடகியின் மூச்சு கேட்கும், மற்றப் பெட்டியில் கேட்காது என்றார். நல்ல பிள்ளை, பொய் சொல்லவில்லை. தான் நம்புவதைத்தான் சொன்னார். அதுதான் இதிலுள்ள ஆபத்து.

நான் கலைப்பட்டதாரி. எனது விஞ்ஞானம் சாதாரண தரத்தோடு முடிந்துபோனது. ஆனால் செய்தி ஒன்றைச் சரிபார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. சரிபார்த்ததை இங்கே தருகிறேன்.

இறுவட்டில் ஒரு செக்கனுக்கு 44,100 தடவைகள், ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கங்களுக்கும் 16 பிட் வீதம் ஒலி அளந்து எழுதப்பட்டிருக்கிறது. மொத்தம் செக்கனுக்கு 14 இலட்சத்து 11 ஆயிரத்து 200 பிட்கள். பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து இந்த விதியை வகுத்தன. முதலாவது இயக்கியை சோனி 1982 ஒக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. தட்டில் கீறல் விழும், தூசி படியும், கைரேகை ஒட்டும் என்பதெல்லாம் அதனைச் செய்தவர்களுக்குத் தெரியாதா? 1960 இல் இர்விங் ரீட், குஸ்டாவ் சொலமன் என்ற இருவர் எழுதிய கணிதத்தைக் கொண்டு, தடத்தின் வழியே ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர் நீளம் அழிந்துபோனாலும் இழந்த இலக்கங்களை முழுமையாக மீட்கும் ஏற்பாட்டை ஒவ்வொரு தட்டிலும் செய்து வைத்தார்கள். மீட்டபின் கிடைப்பது கிட்டத்தட்ட அதுவல்ல, அதேதான். ஏழாயிரம் ரூபாய் பெட்டியும் ஏழு இலட்சம் ரூபாய் பெட்டியும் நல்ல தட்டு ஒன்றிலிருந்து எடுக்கும் இலக்கங்கள் ஒன்றே.

"நேரப் பிசகு இருக்கிறதே" என்பார்கள். ஜிற்றர் என்பது அதன் பெயர். இலக்கம் சரியாக இருந்தாலும் அது வந்து சேரும் கணம் நுண்ணளவில் முன்பின்னாக இருந்தால் ஒலி கெடும் என்பது வாதம். தொண்ணூறுகளில் இதில் உண்மை இருந்தது. அன்றைய மாற்றிகள் பல, வருகின்ற சமிக்ஞையின் தாளத்தையே நம்பி ஆடின. இன்றைய நல்ல மாற்றிகள் வருவதைச் சேமித்து வைத்துத் தமது சொந்தக் கடிகாரத்தின்படி வெளியே விடுகின்றன. ஆகவே நோய் இருந்தால் மருந்து மாற்றியிலேதான் இருக்கிறது, தபாற்காரரின் சப்பாத்தில் இல்லை. பழைய நோயின் பெயரைச் சொல்லிப் புதிய மருந்து விற்பது எமது நாட்டில் அரசியல்வாதிகளுக்கு மட்டும் தெரிந்த வித்தை என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன்.

இதற்குமேல் நான் வாதாடவில்லை. கைப்பையில் கொண்டுபோயிருந்த ஒரு தட்டை எடுத்து அந்த இளைஞரிடம் கொடுத்தேன். "இதைப் போட்டுக் காட்டுங்கோ தம்பி." தட்டு உள்ளே போனது. சில செக்கன்கள் சுழன்றது. தட்டு இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. மீண்டும் போட்டார். மீண்டும் அதே எழுத்து. "சேர், தட்டு பழுது" என்றார். ஏழு இலட்சம் ரூபாய்க்குக் கிடைத்த பதில் அது.

அந்தத் தட்டைப்பற்றிச் சொல்ல வேண்டும். எனது மனைவியின் ஊர் வலிகாமம் வடக்கில் இருக்கிறது. 1990 இல் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. கோயில் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. திருவிழாவின் முடிவில், பூங்காவனத்தன்று இரவு, சுவாமியை ஊஞ்சலில் இருத்திப் பாடும் ஊஞ்சற் பாட்டு எங்கள் பக்கத்துக் கோயில்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே உண்டு. அதனை அந்த ஊரில் பாடி வந்தவர் மனைவியின் பெரியப்பா. பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனவரை 2001 இல் ஊர்ச் சங்கத்தார் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் இருத்திப் பாடவைத்து ஒலிப்பதிவு செய்தார்கள். முந்நூறு பிரதிகள். கோயில் நிதிக்காக ஒன்று பத்து டொலர். மூன்று வருடங்களின் பின் அவர் காலமானார். காணி விடுபட்டு, இடிந்த கோயிலை மீளக் கட்டி, திருவிழா தொடங்கியபோது ஊஞ்சற் பாட்டின் அச்சுப் புத்தகம் கிடைத்தது. மெட்டு யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. பாடுகின்ற இளைஞர் கடைசி ஐந்து பாட்டுக்களைத் தாமறிந்த வேறு மெட்டொன்றில் பாடி முடிக்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

முந்நூறு பிரதிகள் மட்டும் அடிப்பதென்றால் ஆலையில் அச்சுவார்த்த தட்டு கட்டுபடியாகாது. ஆகவே எழுதத்தக்க வெற்றுத் தட்டுக்களை வாங்கிக் கணனியில் எரித்திருக்கிறார்கள். இரண்டு தட்டுக்களும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். உள்ளே வேறு வேறு. ஆலைத் தட்டில் குழிகள் வார்க்கப்பட்டு அலுமினியம் பூசப்படுகிறது. எரித்த தட்டில் குழியே இல்லை. சாயப் படையொன்றில் லேசர் சுட்ட தழும்புகள்தான் இருக்கின்றன. வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும் அளவு குறைவு. சாயம் வெப்பத்திலும் வெயிலிலும் மங்கும். போதாக்குறைக்குச் சங்கத்தார் பிள்ளையாரின் படத்தை அச்சிட்ட கடதாசியை மேலே ஒட்டியிருந்தார்கள். கால் நூற்றாண்டு ஈரப்பதனில் கடதாசி சுருங்கித் தட்டையும் இழுக்கிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் கோயில்களும் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் வெளியிட்ட எத்தனையோ தட்டுக்கள் இவ்வகையானவை. உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருக்கும் எனது மனைவியின் தம்பியிடம் ஒரு பிரதி இருந்தது எனக்குத் தெரியும். தொலைபேசியில் அழைத்தேன்.

"அத்தான், எல்லாம் இப்ப போனுக்குள்ள கிடக்கு. உந்தச் சீடியளை வைச்சு என்ன செய்யிறது? நாலு பெட்டி. பேஸ்மென்ற் துப்புரவாக்கேக்க எறிஞ்சிட்டன்."

"ஊஞ்சற் சீடியுமோ?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "அதுவும் அதுக்குள்ளதான் கிடந்திருக்கும்" என்றார்.

அவரது போனுக்குள் அது இல்லை என்பதனை அவரும் நானும் அறிவோம்.

தட்டைக் காப்பாற்றியது எது தெரியுமா? எனது சகோதரியின் மகன் கழித்துவைத்திருந்த ஒரு பழைய கணனியின் டி.வி.டி. வாசிப்பான். இரும்புக் கடையில் நிறுத்து விற்கும் நிலையில் இருந்த சாமான். ட்ரான்ஸ்போர்ட் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே வாசிக்கவேண்டியது. தவறினால் திரும்பிப் பார்க்க அதற்கு நேரமில்லை, அருகிலுள்ள இலக்கங்களை வைத்து ஊகித்து நிரப்பும் அல்லது மௌனமாகிவிடும். கணனிக்கு அந்த அவசரம் கிடையாது. எக்ஸக்ட் ஓடியோ கொப்பி என்றொரு மென்பொருள் பல காலமாக இலவசமாகக் கிடைக்கிறது. சந்தேகமான இடத்தை அது மீண்டும் மீண்டும் வாசித்து, பெரும்பான்மையாக ஒத்துவரும் விடையையே ஏற்றுக்கொள்ளும். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கியது. மறுநாள் காலை பார்த்தபோது நாற்பத்தொரு நிமிடப் பாட்டில் முப்பத்தாறு நிமிடங்கள் பிழையின்றி வந்திருந்தன. மிகுதி ஐந்து நிமிடங்கள் தட்டின் விளிம்புப் பக்கத்தில் இருக்கின்றன. இறுவட்டு உள்ளிருந்து வெளியாக வாசிக்கப்படுவது, ஆகவே விளிம்பில் இருப்பது பாட்டின் கடைசிப் பகுதி. அந்த இளைஞருக்கு மெட்டுத் தெரியாத அதே பகுதி.

அந்த மென்பொருள் முடிவில், உலகில் இதே தட்டைப் பிரதி எடுத்த மற்றவர்களின் பெறுபேறுகளோடு ஒப்பிட்டுச் சான்று தரும். எமது தட்டுக்கு ஒப்பிட யாருமில்லை என்று வந்தது.

இனி ஸ்ட்ரீமருக்கு வருவோம். தட்டு செத்துவிட்டது, எல்லாம் மேகத்தில் இருக்கிறது, மாதாமாதம் கட்டணத்தைக் கட்டிவிட்டுக் கேளுங்கள் என்பவர்களோடுதான் எனது பெரிய சண்டை. காட்சியறை இளைஞர் எனது பணத்தை மட்டும்தான் கேட்டார். இவர்கள் எறியச் சொல்கிறார்கள்.

ஸ்பொட்டிபை இலங்கைக்கு வருவதாக அறிவித்தது 2021 பெப்ரவரியில். அதே நாளில் இறுவட்டுத் தரத்தில் இழப்பற்ற ஒலி அந்த ஆண்டே வரும் என்றும் அறிவித்தது. அது சில நாடுகளில் வரத் தொடங்கியது 2025 செப்டெம்பரில். 1982 இல் தட்டில் கிடைத்த தரத்தை 43 வருடங்கள் கழித்துப் புதுமை என்று கொண்டாடினார்கள். 2024 தொடக்கம் ஆண்டுக்கு ஆயிரம் தடவைகளுக்குக் குறைவாகக் கேட்கப்படும் பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமைப் பணமே இல்லை என்றும் விதித்திருக்கிறார்கள். ஊஞ்சற் பாட்டை ஆண்டுக்கு ஆயிரம் பேர் கேட்பார்களா? ஊரிலேயே ஆயிரம் பேர் இல்லை.

காசைவிடப் பெரியது நிலைபேறு. மைஸ்பேஸ் என்ற தளத்தில் உலகெங்கும் சிறு கலைஞர்கள் பன்னிரண்டு வருடங்களாக ஏற்றிவைத்த பாட்டுக்கள் வழங்கி மாற்றத்தின்போது அழிந்துபோயின என்று 2019 மார்ச்சில் செய்தி வந்தது. கூகிள் பிளே மியூசிக் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. ஆட்கள் தாமே ஏற்றிவைத்திருந்த சொந்தக் கோப்புகளை எடுத்துக்கொள்ள 2021 பெப்ரவரி வரை தவணை கொடுத்துவிட்டுத் துடைத்தார்கள். பெட்டிகளின் கதி என்ன? ஸ்பொட்டிபை தானே வாகனங்களுக்கென்று விற்ற சிறு கருவியை 2024 டிசம்பரில் செயலிழக்கச் செய்தது. கருவி பழுதாகவில்லை. வேலை செய்யவேண்டாம் என்று கட்டளை போனது, அவ்வளவுதான். மேல்தர ஒலி என்று எம்.கியூ.ஏ. என்றொரு பொதியை 2017 இல் டைடல் கொண்டுவந்தது. அதற்கு ஒளிரும் விளக்கு வைத்த பெட்டிகளைச் சனங்கள் தேடித்தேடி வாங்கினார்கள். 2023 ஏப்ரலில் அந்த நிறுவனம் கடனில் நிர்வாகிகளின் கைக்குப் போனது. வேறொருவர் வாங்கினார். 2024 ஜூலையில் டைடலே அதனைக் கைவிட்டது. விளக்கு மட்டும் பெட்டியில் மிஞ்சியிருக்கிறது.

மேல்தர ஒலியே பொய்யா என்று கேட்கலாம். அப்படிச் சொல்லமாட்டேன். 2007 இல் மேயரும் மொரானும் அமெரிக்காவில் செய்த பரிசோதனையில், மேல்தர ஒலியையும் அதனை இறுவட்டுத் தரத்துக்குள் அடக்கிய ஒலியையும் மறைத்துக் கேட்கவைத்து 554 தடவைகள் வினவினார்கள். 276 விடைகள் சரி. நாணயம் சுண்டினாலும் அவ்வளவு வரும். 2016 இல் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரைஸ் பதினெட்டுப் பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்துச் சற்றே கூடிய பெறுபேறு கண்டார்: நூற்றுக்கு 52.3. அந்த இரண்டு புள்ளி மூன்றுக்கு விலை கொடுக்க விரும்புகிறவர் கொடுக்கட்டும். எனக்கு ஐம்பது கடந்துவிட்டது, காதின் மேல்சுருதி எப்போதோ விடைபெற்றுவிட்டது. அத்தோடு காலி வீதியின் பஸ் ஹோர்ன்.

ஆனால் ஸ்ட்ரீமரே வேண்டாம் என்பதல்ல எனது கட்சி. லொஜிடெக் நிறுவனம் ஸ்குவீஸ்பொக்ஸ் என்ற ஸ்ட்ரீமரை 2012 இல் நிறுத்தியது. அதற்குரிய இணைய வழங்கியை 2024 மார்ச்சில் மூடியது. இருந்தும் அந்தப் பெட்டிகள் இன்றும் பாடுகின்றன. ஏனென்றால் வீட்டுக் கணனியில் இயங்கும் அதன் மென்பொருளைத் தொடக்கத்திலேயே யாவருக்கும் திறந்து விட்டிருந்தார்கள். நிறுவனம் போனபின் பாவனையாளர்கள் லிரியன் என்ற பெயரில் அதனைக் கொண்டு நடத்துகிறார்கள். ஸ்ட்ரீமர் வாங்கப் போகிறவர் கடைக்காரரிடம் கேட்கவேண்டிய கேள்வி இதிலிருந்துதான் வருகிறது. "இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, யாருடைய கணக்கிலும் நுழையாமல், எனது வன்தட்டிலுள்ள பாட்டை இது பாடுமா?" பாடாது என்றால், அதன் விலை எதுவாக இருந்தாலும், எழுந்து வாருங்கள். 2022 மார்ச் முடிவில் பதின்மூன்று மணிநேர மின்வெட்டை அனுபவித்த நாட்டவர்கள் நாங்கள். எல்லாம் எப்போதும் இணைப்பில் இருக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வரக்கூடாது.

நான் என்ன வாங்கினேன்? மருமகன் ராஸ்பெரி பை என்ற கையளவு கணனிப் பலகை ஒன்றில் இலவச மென்பொருளை ஏற்றி அம்பிளிபயரோடு பொருத்தித் தந்தான். 2012 இல் 35 டொலருக்கு முதன்முதல் விற்பனைக்கு வந்த பலகையின் வழித்தோன்றல் அது. அப்படியொரு மருமகன் வாய்க்காதவர்களுக்கு, 2022 இல் 149 டொலருக்கு வந்த விம் புரோ போன்ற ஆயத்தப் பெட்டிகள் தாராளம். வீட்டு வலையமைப்பிலுள்ள வன்தட்டிலிருந்து அவை பாடும். ட்ரான்ஸ்போர்ட்டுக்குப் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பழைய சோனி இறுவட்டு இயக்கி ஒன்று பதினெட்டாயிரம் ரூபாய்க்குக் கிடைத்தது. பின்பக்கத்தில் இலக்கமுறை வெளியீடு இருக்கும் எந்தப் பழைய இயக்கியும் ட்ரான்ஸ்போர்ட்தான் என்பதனை எந்தக் காட்சியறையும் உங்களுக்குச் சொல்லாது. இதில் இருப்பது கே.எஸ்.எஸ். 213 என்ற லேசர் கண். எண்ணற்ற மலிவு இயக்கிகளில் வந்த அதே கண், ஆகவே மாற்றுக் கண் இன்றும் சில நூறு ரூபாய்க்கோ ஓராயிரத்துக்கோ கிடைக்கிறது. இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஏழு இலட்சம் ரூபாய் பெட்டியின் கண் பத்து வருடங்களின் பின் கிடைக்குமா என்று அந்த இளைஞரிடம் கேட்டபோது தேநீர் இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.

எல்லாத் தட்டுக்களையும் பிரதி எடுத்தபின் இந்த இயக்கி எதற்கு என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. தட்டை உறையிலிருந்து எடுத்து, உள்ளே வைத்து, நடுவில் மாற்றாமல் முக்கால் மணிநேரம் இருந்து கேட்பது எனக்குப் பிடிக்கும் என்பதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை. அது ஒலித்தரம் பற்றிய வாதம் அல்ல, பதினெட்டாயிரம் ரூபாய் பெறுமதியான ஒரு பலவீனம்.

எனது அறுநூற்றுச் சொச்சம் தட்டுக்களும் எஃப்.எல்.ஏ.சி. என்ற இழப்பற்ற வடிவத்தில் ஒரு வன்தட்டின் கால் பங்குக்குள் அடங்கிவிட்டன. அந்த வடிவம் 2001 இலிருந்து யாவருக்கும் திறந்தது, எந்த நிறுவனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. மூன்று பிரதிகள்: ஒன்று வீட்டில், ஒன்று சகோதரியிடம், ஒன்று யாழ்ப்பாணத்தில்.

ஊஞ்சற் பாட்டின் முப்பத்தாறு நிமிடங்களைக் கோயிலுக்கு அனுப்பினேன். மிகுதி ஐந்து நிமிடங்களுக்காக, முந்நூறு பிரதிகளில் ஒன்று யாரிடமாவது இருக்கிறதா என்று மைத்துனர் இப்போது ரொறன்ரோவில் வீடு வீடாக விசாரிக்கிறார். குற்றவுணர்ச்சியாக இருக்கலாம், நான் கேட்கவில்லை. சென்ற வாரம் அழைத்தார். அன்றைக்கு ஒலிப்பதிவு செய்தவரின் மகளைக் கண்டுபிடித்துவிட்டாராம். தட்டு இல்லையாம். பதிவு செய்த மூல ஒலிநாடா இருக்கிறதாம். அதனைப் போட்டுக் கேட்பதற்கு அங்கே ஒருவரிடமும் டெக் இல்லையாம். "உங்களிட்ட பழசு ஒண்டு கிடந்ததெல்லோ அத்தான்?" என்று கேட்டார். கிடக்கிறது. பட்டி மாற்ற வேண்டும்.